கர்ணம் காண்பது எப்படி? செங்கோண முக்கோணத்தின் மிக நீளமான பக்கத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 8, இரண்டுக்கும் நடுவில் செங்கோணம். கர்ணம் எவ்வளவு? கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். சிலர் 10 என்பார்கள். சிலர் 14 என்பார்கள். சிலர் 100 என்று எழுதி அடியில் கோடும் போட்டுவிடுவார்கள். சரியான விடை 10. ஆனால் 14, 100 என்ற அந்த இரண்டு எண்களும் சும்மா வந்தவை கிடையாது, இந்தக் கணக்குக்குள்ளேயே ஒளிந்திருப்பவை. அவை எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் கர்ணம் பிறகு குழப்பாது. அதனால்தான் சூத்திரத்தோடு நிறுத்தாமல், காகிதத்தை வெட்டிப் பார்க்கும் வழியையும் சேர்த்து எழுதுகிறேன். நாளைக்குப் பரீட்சை, முறை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பரீட்சை முடிந்ததும் திரும்பி வந்து படியுங்கள்.

செங்கோணம் எங்கே?

முக்கோணத்தின் ஒரு கோணம் சரியாக 90 டிகிரி இருந்தால் அது செங்கோண முக்கோணம். செங்கோணத்துக்கு நேர் எதிரே இருக்கும் பக்கம் கர்ணம். இலங்கைப் பாடநூல்களில் இதையே செம்பக்கம் என்பார்கள். மற்ற இரண்டும் அடிப்பக்கம், உயரம். எது அடிப்பக்கம், எது உயரம் என்பது படத்தை எப்படித் திருப்பிப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது, அதற்கு ஒரு முக்கியத்துவமும் இல்லை. இங்கே அவற்றை அ, ஆ என்றும், கர்ணத்தைக் க என்றும் எழுதுகிறேன்.

கர்ணம்தான் மிக நீளமான பக்கம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி. ஒன்று 90 என்றால் மற்ற இரண்டும் சேர்ந்தே 90தான், ஆகவே தனித்தனியாக அதைவிடச் சிறியவை. ஒரு முக்கோணத்தில் பெரிய கோணத்துக்கு எதிரேதான் பெரிய பக்கம் இருக்கும். அவ்வளவுதான்.

சாய்வாக வரைந்த கோடுதான் கர்ணம் என்று பலர் மனதில் பதிந்துவிடுகிறது. படத்தைத் திருப்பிப் போட்டால் கர்ணம் கீழே படுத்துக்கொள்ளும், செங்கோணம் உச்சிக்குப் போய்விடும். அப்போது படுத்திருக்கும் கோட்டை அடிப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு கணக்கையே கெடுத்துக்கொள்வார்கள். இதற்கு நான் சொல்லும் வழி: செங்கோண முனையில் விரலை வையுங்கள். அந்த முனையிலிருந்து இரண்டு பக்கங்கள் கிளம்பும். விரல் தொடாத மூன்றாவது பக்கம்தான் கர்ணம். எந்தப் பக்கம் திருப்பினாலும் இது மாறாது.

படத்தில் மூலையில் சிறிய சதுரக் குறி போட்டிருந்தால் வேலை எளிது. சொற்கணக்குகளில் அந்தக் குறியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். சுவரும் தரையும், கிழக்கும் வடக்கும், செவ்வகத்தின் நீளமும் அகலமும், வட்டத்தின் ஆரமும் அது தொடும் இடத்தில் வரைந்த தொடுகோடும், அரைவட்டத்துக்குள் விட்டத்தின் மேல் வரைந்த முக்கோணத்தின் உச்சிக் கோணமும் எல்லாம் செங்கோணங்களே. இவற்றில் ஒன்றும் இல்லை, 90 டிகிரி என்று சொல்லவும் இல்லை என்றால் கீழே வரும் முறையைத் தொடவே கூடாது. 89 டிகிரியாக இருந்தால்கூட விடை துல்லியமாக வராது.

நான்கு காகித முக்கோணங்கள்

இனி வெட்டிப் பார்ப்போம். கட்டம் போட்ட தாள் இருந்தால் நல்லது. அடி 8 செ.மீ., உயரம் 6 செ.மீ. உள்ள செங்கோண முக்கோணங்கள் நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் 14 செ.மீ. உள்ள ஒரு சதுரத்தை வேறொரு தாளில் வரையுங்கள். ஏன் 14? 6ம் 8ம் சேர்ந்தால் 14. மேலே ஒருவர் சொன்ன விடை இங்கே சதுரச் சட்டத்தின் பக்கமாக வந்து நிற்கிறது.

முதல் அடுக்கு. நான்கு முக்கோணங்களின் செங்கோண முனைகளையும் சதுரத்தின் நான்கு மூலைகளில் வையுங்கள். சதுரத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு முக்கோணத்தின் 6ம் அடுத்த முக்கோணத்தின் 8ம் ஒட்டிக்கொண்டு 14ஐ நிரப்ப வேண்டும். நான்கையும் ஒரே திசையில் சுற்றிவரும்படி வைத்தால் சரியாகப் பொருந்தும். இப்போது நடுவில் சாய்வாக ஒரு இடம் காலியாக இருக்கும். அதன் நான்கு பக்கங்களும் நான்கு கர்ணங்கள். அது சதுரம்தானா? ஒரு முனையைக் கவனியுங்கள். விளிம்பின் நேர்கோட்டில் ஒரு முக்கோணத்தின் சிறிய கோணமும், அடுத்த முக்கோணத்தின் மற்றொரு குறுங்கோணமும் இருபுறமும் உட்கார்ந்திருக்கின்றன. அவை இரண்டும் சேர்ந்து 90. நேர்கோடு 180. மிச்சம் 90. ஆக, அது சதுரமேதான்.

இரண்டாவது அடுக்கு. அதே நான்கு முக்கோணங்களை இரண்டிரண்டாகக் கர்ணத்தோடு கர்ணம் ஒட்டி, 6க்கு 8 அளவில் இரண்டு செவ்வகங்களாக ஆக்குங்கள். ஒன்றைப் படுக்கையாகவும் மற்றதை நிறுத்தியும், சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். செவ்வகங்கள் இரண்டும் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். இப்போது காலியாக இருப்பவை இரண்டு இடங்கள்: 6 செ.மீ. சதுரம் ஒன்று, 8 செ.மீ. சதுரம் ஒன்று.

சட்டமும் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. அப்படியானால் காலி இடமும் மாறியிருக்க முடியாது. முதல் அடுக்கில் சாய்ந்திருந்த ஒற்றைச் சதுரமும், இரண்டாவது அடுக்கில் கிடைத்த இரண்டு சதுரங்களும் பரப்பில் சமம். எண்ணிக்கையாகவும் சரிபார்க்கலாம். சட்டத்தின் பரப்பு 14 × 14 = 196. ஒரு முக்கோணம் 24, நான்கு சேர்ந்தால் 96. மீதி 100. மறுபக்கம் 36 + 64 = 100. முன்பு ஒருவர் விடையாகச் சொன்ன 100, அந்தச் சாய்ந்த சதுரத்தின் பரப்பு. நமக்கு வேண்டியது அதன் பக்கம். எந்த எண்ணைத் தன்னால் பெருக்கினால் 100? பத்து.

இதைத்தான் பிதாகரஸ் தேற்றம் என்கிறோம்: க² = அ² + ஆ². தலைக்கு மேல் எழுதும் அந்தச் சிறிய 2 நிஜமாகவே ஒரு சதுரத்தைக் குறிக்கிறது. நீளங்களை நேராகக் கூட்டினால் கர்ணம் வராது, சதுரங்களைக் கூட்டினால்தான் வரும். பழையவர்கள் இதை இப்படியே பரப்பாகத்தான் சொன்னார்கள். பண்டைய இந்தியாவின் போதாயனர் எழுதிய சுல்ப சூத்திரம் என்ற நூலில், செவ்வகத்தின் மூலைவிட்டத்தில் இழுத்துப் பிடித்த கயிறு உண்டாக்கும் பரப்பு, அதன் நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளின் கூட்டுக்குச் சமம் என்று வருகிறது. சுல்பம் என்றாலே கயிறு. கிரேக்கரான யூக்ளிட்டும் தம் நூலின் முதல் பகுதியில் 47வது தேற்றமாகச் சதுரங்களை வைத்தே இதை நிறுவினார். இந்தக் காகித வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். சூத்திரத்தை நூறு தடவை எழுத வைப்பதைவிட இது மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

கணக்கைப் போடும் முறை

6, 8 போன்ற எண்கள் நமக்காகவே பொறுக்கி எடுத்தவை. கொஞ்சம் முரண்டு பிடிக்கும் எண்களை எடுத்துக்கொள்வோம்: 7 செ.மீ., 10 செ.மீ.

முதலில் இரண்டு அளவுகளும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மீட்டரிலும் மற்றது சென்டிமீட்டரிலும் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். வர்க்கப்படுத்திய பிறகு மாற்றப் போனால் 100ஆல் பெருக்குவதா 10,000ஆல் பெருக்குவதா என்று தடுமாற்றம் வரும்.

அடுத்து, விடை எந்த இடத்தில் விழும் என்று மனதுக்குள் ஒரு எல்லை கட்டுங்கள். கர்ணம் பெரிய பக்கத்தைவிடப் பெரியது, இரண்டின் கூட்டுத்தொகையைவிடச் சிறியது. அதாவது 10க்கும் 17க்கும் நடுவில். இன்னும் நெருக்கலாம். கூட்டுத்தொகையை 0.707ஆல் பெருக்கினால் வருவதைவிடக் கர்ணம் ஒருபோதும் குறையாது. 17 × 0.707 = 12.02. ஆக 12க்கும் 17க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பலர் விட்டுவிடும் படி இது. பத்து விநாடிதான் ஆகும், ஆனால் பெரும்பாலான தவறுகளை இது வாசலிலேயே நிறுத்திவிடும்.

அப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் தனியே வர்க்கப்படுத்துங்கள். 7 × 7 = 49. 10 × 10 = 100. வர்க்கம் என்றால் இரண்டால் பெருக்குவது அல்ல, தன்னாலேயே பெருக்குவது. அவசரத்தில் 7² = 14 என்று எழுதிய விடைத்தாள்கள் எனக்குப் பழகிப்போனவை.

கூட்டுங்கள்: 149. இது சாய்ந்த சதுரத்தின் பரப்பு, சதுர சென்டிமீட்டரில். இன்னும் வேலை முடியவில்லை.

வர்க்கமூலம் எடுங்கள். கால்குலேட்டர் 12.20655… என்று காட்டும். தேவைப்படும் அளவுக்கு முழுமையாக்கினால் 12.2 செ.மீ. நாம் கட்டிய எல்லைக்குள் விழுகிறதா? விழுகிறது. பரீட்சையில் துல்லியமான விடை கேட்டால் √149 என்றே விடலாம். 4, 8 போன்ற பக்கங்கள் வந்தால் √80 என்று நிறுத்தாமல் 4√5 என்று சுருக்கி எழுதுவது அழகு.

கால்குலேட்டரில் ஒரு எச்சரிக்கை. மூலக்குறியைப் போட்டதும் அடைப்புக்குறியைத் திறந்துவிடுங்கள்: √(7² + 10²). அடைப்பு இல்லாவிட்டால் சில கருவிகள் 49க்கு மட்டும் மூலம் எடுத்து, அந்த 7உடன் 100ஐக் கூட்டி 107 என்று காட்டும். எல்லை கட்டியவருக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

கால்குலேட்டர் இல்லாதபோது வர்க்கமூலம்

பள்ளியில் கற்றுத்தரும் நீள்வகுத்தல் முறை நல்ல முறைதான், ஆனால் நாலு மாதம் தொடாவிட்டால் மறந்துவிடும். நான் கைக்கொள்வது வேறு. காரணம், அதுவும் சதுரத்தைப் பற்றியதே.

149 பரப்புள்ள ஒரு சதுரத்தின் பக்கம் நமக்குத் தெரியாது. ஆனால் 149 பரப்புள்ள ஒரு செவ்வகத்தை எளிதாக வரையலாம். ஒரு பக்கத்தை 12 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 12 × 12 = 144, பக்கத்திலேயே இருக்கிறது. மறுபக்கம் 149 ÷ 12 = 12.4167. கிட்டத்தட்டச் சதுரம்தான், ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கிறது. சரி, இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணை எடுங்கள்: (12 + 12.4167) ÷ 2 = 12.2083. இதைப் புதிய பக்கமாக வைத்து மறுபடி 149 ÷ 12.2083 = 12.2048. இப்போது செவ்வகம் சதுரமாகவே ஆகிவிட்டது. இன்னொரு முறை சராசரி எடுத்தால் 12.2066. இரண்டே சுற்றில் நான்கு தசம இடங்கள் சரியாகக் கிடைத்துவிட்டன. வெறும் சராசரியும் வகுத்தலும்தான். எந்த எண்ணுக்கும் இது வேலை செய்யும். முதல் ஊகம் சற்றுத் தள்ளி இருந்தால் ஒரு சுற்று கூடும், அவ்வளவே.

மூலம் எடுக்காமலே விடை

சில முக்கோணங்களில் மூன்று பக்கங்களும் முழு எண்களாக அமைந்துவிடும். 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25, 20-21-29 ஆகிய ஐந்தும் மனதில் இருந்தால் பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேனாவே வேண்டாம். இவற்றை ஒரே எண்ணால் பெருக்கினாலும் உறவு மாறாது. 45, 60 என்று கொடுத்தால் இரண்டிலும் 15 இருக்கிறது: 3 × 15, 4 × 15. ஆக கர்ணம் 5 × 15 = 75. பொதுக்காரணியை வெளியே எடுத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்போதுமே நல்ல பழக்கம். 0.9, 1.2 என்று தசமத்தில் வந்தாலும் உள்ளே இருப்பது 3, 4தான். கர்ணம் 1.5.

புதிய மூன்றெண்கள் வேண்டுமா? 1ஐ விடப் பெரிய ஒற்றைப்படை எண் ஒன்றை எடுங்கள். அதன் வர்க்கத்தை அடுத்தடுத்த இரண்டு எண்களாகப் பிரியுங்கள். 9ன் வர்க்கம் 81, அது 40 + 41. ஆக 9-40-41. 11ன் வர்க்கம் 121, அது 60 + 61. ஆக 11-60-61. அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அந்த எண்களின் கூட்டுத்தொகையே என்பதால் இது எப்போதும் சரியாக வரும்.

இந்த எண்களின் மீதான மோகம் மிகப் பழையது. பிளிம்ப்டன் 322 என்ற பாபிலோனியக் களிமண் பலகை ஏறக்குறைய கி.மு. 1800ஐச் சேர்ந்தது. அதன் முதல் வரிசையில் 119, 169 என்ற எண்கள் இருக்கின்றன. விட்டுப்போன மூன்றாவது பக்கம் 120. இன்னொரு வரிசையில் 12,709ம் 18,541ம். அதற்குரிய மூன்றாவது பக்கம் 13,500. உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன், 34,37,68,681 என்று இரண்டு பக்கமும் ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் ஒத்துப்போகிறது. பிதாகரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ ஈரக் களிமண்ணில் இதைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

தமிழில் உலவும் அரைக்கால் விதி

தமிழில் கர்ணத்துக்குச் செய்யுளாகச் சொல்லும் ஒரு விதி உலவுகிறது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூறை, அதாவது அரைக்காலை, தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் வருவது கர்ணம் என்பது அதன் சாரம். வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம். 4, 3 எடுங்கள். 4ல் எட்டில் ஒன்று அரை, அதைத் தள்ளினால் 3.5. 3ல் பாதி 1.5. கூட்டினால் 5. 12, 5 எடுத்தால் 10.5 + 2.5 = 13. கைதட்டத் தோன்றும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் பிதாகரஸ் தேற்றமே தேவையில்லை என்று பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

15, 8 போட்டுப் பாருங்கள். 13.125 + 4 = 17.125. உண்மையான கர்ணம் 17. 10, 10 போட்டால் 13.75 வரும், உண்மை 14.14. எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துகொள்ள, விதி தரும் விடையையும் தேற்றத்தையும் சமன்படுத்திப் பார்த்தேன். சிறிய பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்து வருவதை வி என்று வைத்தால் 48வி² − 56வி + 15 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கிறது. அதன் தீர்வுகள் இரண்டே: 3/4, 5/12. அதாவது 3-4-5 வடிவத்துக்கும் 5-12-13 வடிவத்துக்கும் மட்டுமே இந்த விதி துல்லியம். வேறு எந்த வடிவத்துக்கும் இல்லை. அந்த இரண்டு முக்கோணங்களையும் ஒரே நேரத்தில் பிடித்துவைத்த நேர்கோடு இது என்று புரிந்தபோது எனக்கு விதியின் மேல் மரியாதை கூடியது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வடிவங்களுக்கு விடை கொஞ்சம் கூடும், ஆனால் நூற்றுக்கு 0.8ஐத் தாண்டாது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நூற்றுக்கு 2.8 குறையும். கைக்கணக்காக இது அருமையானது.

ஆனால் ஒல்லியான முக்கோணங்களில் இதை நம்பவே கூடாது. 10, 1 என்று எடுத்தால் 8.75 + 0.5 = 9.25 வருகிறது. கர்ணம் பக்கத்தைவிடச் சிறியதாகிவிட்டது, அது நடக்கவே முடியாது. சிறிய பக்கம் பெரியதில் காலுக்கும் குறைவாக இருந்தால் எப்போதும் இந்தக் கதிதான். அந்த இடத்தில் வேறொரு சுருக்குவழி இருக்கிறது: சிறிய பக்கத்தின் வர்க்கத்தைப் பெரிய பக்கத்தின் இரு மடங்கால் வகுத்து, பெரிய பக்கத்தோடு கூட்டுங்கள். 1 ÷ 20 = 0.05. ஆக 10.05. உண்மை 10.0499. தேற்றம் எந்த வடிவத்துக்கும் பொருந்தும், இந்த இரண்டும் தத்தம் எல்லைக்குள் பொருந்தும். எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல கருவிகள்.

இரண்டு பக்கங்களும் தராதபோது

ஒரு பக்கமும் ஒரு குறுங்கோணமும் தெரிந்தால் முக்கோணவியல். கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் தெரிந்தால், அந்தப் பக்கத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். கோணத்தை ஒட்டிய பக்கம் தெரிந்தால், கொசைன் மதிப்பால் வகுக்க வேண்டும். 35 டிகிரிக்கு எதிரே 8 என்றால் 8 ÷ 0.5736 = 13.95. அதே 8 கோணத்தை ஒட்டி இருந்தால் 8 ÷ 0.8192 = 9.77. இரண்டிலுமே வகுத்தல்தான். சைன், கொசைன் இரண்டும் 1ஐ விடச் சிறியவை, அவற்றால் வகுத்தால் பெரிய எண் வரும், கர்ணமும் பெரியதாகத்தானே இருக்க வேண்டும். தவறிப்போய்ப் பெருக்கிவிட்டால் பக்கத்தைவிடச் சிறிய கர்ணம் கிடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். தொடங்கும் முன் கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

30 டிகிரி, 45 டிகிரி வந்தால் இதுகூட வேண்டாம். 30 டிகிரிக்கு எதிரே உள்ள பக்கத்தின் இரு மடங்கு கர்ணம். 45 டிகிரி என்றால் பக்கத்தை √2ஆல், அதாவது 1.414ஆல் பெருக்கினால் போதும்.

பரப்பும் ஒரு பக்கமும் தந்தால் மற்றப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பரப்பு 30, ஒரு பக்கம் 5 என்றால் மற்றது 60 ÷ 5 = 12, கர்ணம் 13. எனக்குப் பிடித்தது இதன் அண்ணன்: பக்கங்கள் தனித்தனியே தெரியாது, அவற்றின் கூட்டுத்தொகை 17, பரப்பு 30. பலர் இருபடிச் சமன்பாட்டுக்குப் பாய்வார்கள். நமது காகிதச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் பக்கம் 17, பரப்பு 289. நான்கு முக்கோணங்கள் 120. நடுவில் சாய்ந்து கிடக்கும் சதுரம் 289 − 120 = 169. கர்ணம் 13. பக்கங்களைக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை.

செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு இறக்கினால் அது கர்ணத்தை இரண்டு துண்டாக்கும். அந்தத் துண்டுகளின் பெருக்கற்பலன் செங்குத்துக்கோட்டின் வர்க்கத்துக்குச் சமம். கோடு 6, ஒரு துண்டு 4 என்றால் மற்றது 36 ÷ 4 = 9, கர்ணம் 13. முக்கோணத்தைச் சுற்றி வரைந்த வட்டத்தின் ஆரம் தெரிந்தால் கர்ணம் அதன் இரு மடங்கு. உள்ளே வரைந்த வட்டத்தின் ஆரம் தெரிந்தால், செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து அந்த ஆரத்தின் இரு மடங்கைக் கழியுங்கள். பக்கங்கள் 3, 4, ஆரம் 1 என்றால் 3 + 4 − 2 = 5.

வரைபடத்தாளில் (1, 2), (7, 10) என்ற இரண்டு புள்ளிகளின் தூரம் கேட்டாலும் அது கர்ணமே. குறுக்காக 6, மேலாக 8, விடை 10. பெட்டிக்குள் மூலைக்கு மூலை எவ்வளவு நீளக் குச்சி நுழையும் என்று கேட்டால் இரண்டு தடவை கர்ணம் எடுக்க வேண்டும். நீளம் 4, அகலம் 3, உயரம் 12 என்றால் அடித்தளத்தின் மூலைவிட்டம் 5. அந்த 5ம் உயரம் 12ம் செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஆக 13.

கவனமாக இருக்க வேண்டிய ஒரு இடம் உண்டு. 13 நீள ஏணி, அடி சுவரிலிருந்து 5 தள்ளி நிற்கிறது என்றால் 13ம் 5ம் கூட்டத்தகாதவை. ஏணிதான் கர்ணம், அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. 169 − 25 = 144, சுவரில் 12 உயரத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது. கர்ணத்தைக் கேட்டால் கூட்டல், கர்ணத்தைக் கொடுத்தால் கழித்தல். சூத்திரம் ஒன்றேதான், எந்தச் சதுரம் பெரியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆறு சென்டிமீட்டர்

ஒருமுறை ஒரு அறைக்கு மூலை குறிக்கும் இடத்தில் கூடமாட நின்றேன். ஒரு கயிற்றில் 3 மீட்டர், குறுக்கே போகும் கயிற்றில் 4 மீட்டர் அளந்து, இரண்டு குறிகளுக்கும் இடையே டேப் பிடித்தோம். 5 மீட்டர் வந்தால் மூலை செங்கோணம். மூன்று பக்கங்கள் இந்த உறவில் அமைந்தால் கோணம் 90ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது தேற்றத்தின் மறுதலை. டேப் 5.06 காட்டியது. ஆறு சென்டிமீட்டர்தானே, மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது, விட்டுவிடலாம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு தரையிலேயே குச்சியால் கணக்குப் போட்டோம். 5.06ன் வர்க்கம் 25.60. இருக்க வேண்டியது 25. சதுரம் 0.6 அளவுக்குப் பெரிதாக இருக்கிறது, ஆகவே கோணம் விரிந்திருக்கிறது. எவ்வளவு என்று பார்த்தால் ஏறக்குறைய 91.4 டிகிரி. மூலைமட்டத்தின் கை நீளத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதே கோட்டை 10 மீட்டர் நீட்டினால் முனை 25 சென்டிமீட்டர் வெளியே போய் நிற்கும். 4 மீட்டர் குறியில் இருந்த முளையைப் பிடுங்கி, 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி அடித்தோம். மறுபடி டேப் பிடித்தபோது 5.00. அப்புறம் நிம்மதிக்காக 6, 8 அளந்து இன்னொரு தடவை பார்த்தோம். பெரிய முக்கோணத்தில் அதே பிசகு இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் இடம் இருந்தால் எப்போதும் பெரிதாக அளப்பதே நல்லது. குறுக்கே 10 மீட்டர் கோட்டில் டேப் நின்றது.